பதின்மூன்று தலை

பள்ளியின் கூடைப்பந்து அரங்கம்.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினோரு பாகை.
உள்ளே கழற்றிப் போட்ட கோட்டுகளின் ஈர வாசம்,
பளபளத்த மரத்தரையில் உப்புப் பூத்த காலணித் தடங்கள்.

எண்பத்து மூன்று பேர் என்றார் டாரல் ஸ்வெங்க்.
பதினைந்து சதவீதத்துக்குப் பதின்மூன்று.
பதின்மூன்று தலை தேறாத மூலை
கலைந்துவிட வேண்டும்.

அயோவாவில் இப்படித்தான்.
சீட்டு இல்லை, பெட்டி இல்லை, மறைப்பும் இல்லை.
எவர் வேண்டுமோ அவர் பெயர் ஒட்டிய சுவரருகே
போய் நிற்க வேண்டும்,
பல் டாக்டர் பார்க்க,
வங்கி மேனேஜர் பார்க்க,
கட்டியவன் பார்க்க.

வளையத்துக்கு அடியில் நாங்கள் பதினோரு பேர்.
எதிர் மூலையில்
இருபத்தெட்டு வருடமாய் என் பக்கத்தில் குறட்டை விடும் ஆர்வில்,
ஜெயிக்கக்கூடியவரின் கூட்டத்தில்,
கையைக் கட்டிக்கொண்டு.

காரிலேயே தொடங்கிவிட்டது.
"உன் ஆள் நல்லவர்தான். நல்லவர்கள் தோற்பதைப்
பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது."
"தோற்பார், தோற்பார் என்று நீங்கள் சொல்லிச் சொல்லியே
தோற்கிறார்."
ரயில்வே கேட் மூடியிருந்தது.
எத்தனால் ஏற்றிய கறுப்பு டாங்கர்கள் போய்க்கொண்டேயிருந்தன.
இருவரும் எண்ணினோம், வாய்க்குள்,
தனித்தனியே.
அவனுக்கு நூற்றெட்டு. எனக்கு நூற்றேழு.

கட்சி தாவ அரை மணி நேரம், என்றார் டாரல்.
ஒரே கட்சிக்குள்ளேயே.
உடனே சந்தை இரைச்சல்.

எலுமிச்சை பிஸ்கட் தட்டோடு வந்தாள் ரோசெல்லா.
"எல்லாருக்கும் காப்பீடு, சரி.
நாலு மாதம் பனியில் நின்று
எங்கள் சங்கம் வாங்கிய காப்பீட்டை
நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?"
சோம்சாய் லோவன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார்,
பன்றி வெட்டும் வரிசையில் போனது.
"எனக்குச் சங்கமே இல்லை" என்றார்.
"ஆனால் பிஸ்கட் அருமை."
இரண்டு எடுத்துக்கொண்டார்.

கிணற்று நீரில் நைட்ரேட் என்று
எந்த வேட்பாளராவது மேடையில் சொன்னதுண்டா,
யாரோ கத்தினார்.
எங்களவர் சொன்னார், என்றேன்.
எவ்வளவு நேரம்?
ஆறு நொடி இருக்கும்.
சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

இன்னும் இரண்டு பேர் குறைவு.
ஓரிகனிலிருந்து வந்து மூன்று மாதம்
எங்கள் நிலவறையில் தூங்கிய பெண் இமானி
என் முழங்கையைப் பிடித்தாள்:
"ஆர்வில் வந்தால் இன்னொருவரும் வருவார்.
நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்."

கூரை மாற்றக் கேட்டிருக்கிறேன்.
சிகரெட்டை விடக் கேட்டிருக்கிறேன்,
அவன் தம்பியை மன்னிக்கக் கேட்டிருக்கிறேன்.
இதைக் கேட்க வாய் வரவில்லை.

அவன் என்னைப் பார்த்தான்.
கட்டிய கையை அவிழ்த்தான்.
மூலையைவிட்டு நடந்தான், நடுக்கோட்டைத் தாண்டினான்,
எங்கள் பதினொருவரும் மூச்சடக்கி நிற்க
மேசைக்குப் போய்க் காபி ஊற்றிக்கொண்டு
திரும்பிப் போனான்.

நேரம் முடிந்தது.
ஆறு பேர் ஆசிரியர்கள் நின்ற மூலைக்குப் போனார்கள்.
மூன்று பேர் பிள்ளைகளைத் தூங்கவைக்க வீட்டுக்கு.
சோம்சாய் அசையவில்லை.
"என்னை எண்ண வேண்டாம்.
சும்மா நிற்கிறேன்."

நான் ரோசெல்லாவிடம் போனேன்.
அவள் ஆளைப் பிடித்தல்ல. அவன் மூலை அல்லாத
ஏதோ ஒரு மூலை.
இருபத்திரண்டு இருபத்து மூன்றானது.
முப்பது முப்பதாகவே நின்றது.

நாற்காலிகளை எல்லாரும் சேர்ந்து மடக்கினோம்.
நாளை நியூ ஹாம்ப்ஷயர் என்று
இமானி கண்ணைத் துடைத்தபடி சுவரொட்டிகளைச் சுருட்டினாள்.
வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் பலகையை
யாரும் அணைக்கவில்லை:
உள்ளூர் நாற்பத்தொன்று,
வெளியூர் ஐம்பத்தெட்டு.

கோட்டுக் குவியலில் என் கையுறை ஒன்றுதான் கிடைத்தது.
இன்னொன்று ஆர்வில் பையில் இருந்தது,
எப்போது எடுத்தானோ.

நவம்பரில் ஒரே பெயருக்குத்தான் போடப்போகிறோம்,
இருவருக்கும் தெரியும்.
அதைச் சொல்லி முடித்துவிட
இருவருக்குமே மனமில்லை.

ரயில்வே கேட் திறந்திருந்தது.
ஆனாலும் நிறுத்தினான்.
இரண்டு பக்கமும் பார்த்தான்.
"நூற்றேழுதான்" என்றேன்.
"நூற்றெட்டு" என்றான்.